தயிர் சாப்பிடுகிறோம், தண்ணீர் குடிக்க வழி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மாதவிடாய்க்கு முன் வரும் வயிற்று உப்பசம், எரிச்சல், மார்பகக் கனம் எல்லாவற்றுக்கும் குடலைக் கவனித்தால் போதும் என்று ஞாயிறு மகளிர் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். நார்ச்சத்து, தயிர், நிறையத் தண்ணீர். சரி. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நிற்கும் எனக்கு அந்தத் தண்ணீரில்தான் சிக்கல்.

கருமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரோன் என்கிற ஹார்மோன் கூடிக் குடலை மந்தமாக்குமாம். அதனால்தான் அந்த நாட்களில் மலம் இறுகி வயிறு ஊதுகிறது என்று எங்கள் ஊர் நர்ஸ் அக்கா சொன்னார். அந்தச் சமயத்திலும் நாங்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறோம். கழிப்பறை மாடியில் இருக்கிறது. போவதற்கு சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டார் சேலைகளைப் பிரிக்கச் சொல்லி உட்கார்ந்திருக்கும்போது எப்படி நகர்வது? ஆடித் தள்ளுபடி என்றால் கேட்கவே வேண்டாம்.

சாப்பாட்டில் எங்களைக் குறை சொல்ல முடியாது. வலங்கைமானிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள்கூட மோர்ச்சாதம் கட்டிக்கொண்டு வருகிறாள். வாழைத்தண்டும் கீரையும் இங்கே மலிவு. நார்த்தங்காய் ஊறுகாயின் உப்பைத்தான் குறைக்கச் சொல்கிறார் அக்கா. அது மட்டும் நடக்காது.

குடலுக்கு நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயாடிக் மாத்திரைக்கு உங்கள் கட்டுரையில் அவ்வளவு இடம் ஒதுக்கியிருக்க வேண்டாம். கால்சியத்துக்கு அதைவிட நல்ல ஆதாரம் உண்டு. 1998இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், தினம் 1200 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மூன்றாவது மாதவிடாய்ச் சுழற்சியில் தொந்தரவு 48 சதவீதம் குறைந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை விழுங்கியவர்களுக்கும் 30 சதவீதம் குறைந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. நெல் விளைகிற ஊரில் கேழ்வரகுக் கூழா என்று முகம் சுளிக்கும் மாமியார்களைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. எங்கள் பிரிவுக்கும் ஸ்டூல் வந்தது; இப்போது அதில் சேலைப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. அடுத்த முறை உணவைப் பற்றி எழுதும் முன், யாரிடமும் கேட்காமல் கழிப்பறைக்குப் போய்வர விடும் கடை தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் எங்கே இருக்கிறது என்று உங்கள் நிருபர்களை விசாரித்துப் போடச் சொல்லுங்கள். எங்கள் முதலாளி காலையில் கல்லாவில் உட்கார்ந்து உங்கள் பேப்பரைத்தான் படிக்கிறார்.

இப்படிக்கு,
ஜவுளிக்கடை ஊழியர் (பெயர் போட வேண்டாம்),
கும்பகோணம்