பாப்பாவின் டென்னிஸ் பற்றி அக்காவுக்கு

ஸ்பிரிங்ஃபீல்ட்,
குயின்ஸ்லாந்து.
12.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அங்கே நீ, மாமா, அம்மா, பாப்பா எல்லோரும் நலம்தானே? நீ அனுப்பிய நாலு குரல் பதிவுகளையும் வேலை முடிந்து திரும்பும்போது காரில் இரண்டு தடவை கேட்டேன். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே சண்டையாகிவிடும். அதனால்தான் கடிதம். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள். இங்கே அதற்கு அடையாளம் ஜக்கராண்டா மரங்கள்தான், தெரு முழுக்க ஊதாப் பூ. வசந்த காலம் என்று பெயர், வெயில் என்னவோ நம் ஊர் மாசி மாதம் மாதிரி அடிக்கிறது. மாக்பை என்று கறுப்பு வெள்ளையில் காக்கை அளவுக்கு ஒரு பறவை உண்டு. குஞ்சு பொரித்திருக்கும் இந்த மாதங்களில் கூட்டுக்குக் கீழே யார் போனாலும் மண்டையைக் குறிவைத்துப் பாயும். எங்கள் டென்னிஸ் கோர்ட்டுக்குப் போகும் வழியில் ஒன்று குடியிருக்கிறது. பிள்ளைகள் எல்லாம் ராக்கெட்டைத் தலைக்கு மேல் குடை மாதிரி பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். பாப்பாவிடம் சொல், சிரிப்பாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவை ஏழாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தி அந்த வெளிநாட்டு அகாடமியில் சேர்க்கலாமா, வீட்டை வைத்துக் கடன் வாங்கலாமா, நான் எவ்வளவு போட முடியும் என்று கேட்டிருக்கிறாய். போன பிப்ரவரியில் நம் ஊர் மாயா ராஜேஷ்வரன் மும்பை ஓப்பன் டென்னிஸில் அரையிறுதி வரை போனதிலிருந்து அங்கே பெண்பிள்ளை வைத்திருக்கிறவர்கள் பாதிப் பேர் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள் என்று மாமாவும் சொன்னார். 15 வயதில் தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்து அவ்வளவு தூரம் போவது சின்ன விஷயமில்லை. நானே வேலை இடைவேளையில் போனில் பார்த்துக் கத்தினேன். ஆனால் நீ அனுப்பிய விளம்பரத் தாளில் 'நான்கே வருடத்தில் தொழில்முறை வீராங்கனை' என்று போட்டிருக்கிறதே, அதைப் படித்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நான் குடியிருக்கும் இந்தப் பக்கம், டென்னிஸில் உலக முதலிடம் பிடித்த ஆஷ் பார்ட்டி வளர்ந்த ஊர். கடைக்காரர் முதல் பள்ளிப் பிள்ளை வரை எல்லோருக்கும் அவள் ஆஷ்தான், அதனால் நானும் அவள் என்றே எழுதுகிறேன். நாலைந்து வயதில் ஜிம் ஜாய்ஸ் என்ற கோச்சிடம் கூட்டிப்போனார்களாம். அவ்வளவு சின்னக் குழந்தைகளை அவர் எடுப்பதில்லை. சும்மா ஒரு பந்தைப் போட்டுப் பார்த்தார். குழந்தை அதை நேராகத் திருப்பி அடித்துவிட்டது, எடுத்துக்கொண்டார். வீட்டுச் சுவரில் அடித்து அடித்தே பழகிய பெண். உயரம் 166 சென்டிமீட்டர்தான், நம் பெரியப்பா மகள் அளவு. ஆறடிப் பெண்கள் வெடிவைத்த மாதிரி அடிக்கும் இந்தக் காலத்தில் அவள் ஒற்றைக் கையால் பந்தை அடியில் அறுத்து, முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாமல் போட்டாள். அந்த ஸ்லைஸை அப்பா பார்த்திருந்தால் க்ளப்பில் எல்லோரையும் நிறுத்திவைத்துக் காட்டியிருப்பார்.

2011-ல் 15 வயதில் விம்பிள்டன் ஜூனியர் பட்டம். நீ பாப்பாவுக்குக் கனவு காண்பது இந்த இடத்தைத்தான். அதற்கு அப்புறம் ஒரு வருடத்தில் அவள் தன் வீட்டில் இருந்தது மொத்தம் 27 நாள். 2013-ல் கேசி டெல்லாகுவாவோடு சேர்ந்து ஆஸ்திரேலியா, விம்பிள்டன், அமெரிக்கா என்று மூன்று பெரிய போட்டிகளிலும் இரட்டையர் இறுதிக்கு வந்தாள், அதில் முதல் இறுதியின்போது வயது 17 நிறையவில்லை. அடுத்த வருடம் அமெரிக்க ஓப்பன் முடிந்ததும், போதும் என்று ராக்கெட்டை வைத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டாள். 18 வயது! யோசித்துப் பார், நம் வீடாக இருந்தால் என்ன நடந்திருக்கும்? நீ அழுதிருப்பாய், மாமா ஒரு மாதம் பேசியிருக்க மாட்டார், கடன்காரன் வாசலில் நின்றிருப்பான். இங்கே அவளுடைய வீட்டார் சரி வா என்றார்கள்.

அந்த 27 நாளைப் படித்த அன்று நானும் எண்ணினேன். ஆறு வருடத்தில் நான் நம் வீட்டில் தூங்கிய ராத்திரிகள் 61. இங்கே வந்தபோது எனக்கு 24 வயது, நானாக விரும்பி வந்தேன். இன்னும் சில ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேரேஜில் உட்கார்ந்திருக்கும்போது தொண்டையில் ஏதோ அடைக்கிறது. பாப்பாவுக்கு 12.

ஊருக்கு வந்த ஆஷ் சும்மா இருக்கவில்லை, கிரிக்கெட் ஆடப் போனாள். 2015 கடைசியில் பிரிஸ்பேன் ஹீட் அணிக்கு முதல் ஆட்டத்திலேயே 27 பந்தில் 39 ஓட்டம். டென்னிஸில் தோற்றால் ஓட்டல் அறையில் தனியாகச் சுவரைப் பார்க்க வேண்டும். கிரிக்கெட்டில் பத்துப் பேர் கூட உட்கார்ந்து திட்டிக்கொண்டு சாப்பிடலாம். அவளை எது இழுத்தது என்று எனக்குப் புரிகிறது. 2016-ல் திரும்பவும் டென்னிஸுக்கு வந்தபோது அந்த வருட முடிவில் தரவரிசை 300-க்கு வெளியே. 2017 மார்ச்சில் கோலாலம்பூரில் தகுதிச் சுற்றிலிருந்து ஆடி முதல் பட்டம், வருட முடிவில் 17-ஆம் இடம். 2019-ல் பிரெஞ்ச் ஓப்பன், அதே மாதம் உலகத்தில் முதலிடம்.

இதெல்லாம் மேலே இருப்பவர்கள் கதை. கீழே இருப்பவர்கள் என் கேரேஜுக்கு வருகிறார்கள். வார இறுதியில் நான் ராக்கெட்டுக்குக் கட்ஸ் நரம்பு போடுவது உனக்குத் தெரியும். அப்பா கையால் போட்டதை நான் மெஷினில் போடுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு பெண் வருவாள், பெயர் வேண்டாம். 24 வயது, உலகத் தரவரிசையில் நானூற்றுச் சொச்சம். உலகம் முழுக்க எண்ணி நானூறு பேர்தான் அவளைவிட நன்றாக ஆடுகிறார்கள் அக்கா. மருத்துவத்திலோ கணினியிலோ அந்த இடத்தில் இருப்பவர் பங்களாவில் இருப்பார். இவள் கெய்ர்ன்ஸ், டார்வின் என்று போட்டி நடக்கும் ஊர்களில் முன்பின் தெரியாத குடும்பங்கள் கொடுக்கும் அறையில் தங்குகிறாள். ஊரில் இருக்கும் நாள்களில் காலையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து அடுத்த விமான டிக்கெட்டுக்குச் சேர்க்கிறாள். மூன்று ராக்கெட் போட்டுக் கொடுத்தால் இரண்டுக்குத்தான் காசு வாங்குவேன். அவளுக்கு அது தெரியும், நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

கணக்கு எப்படி என்று அவள்தான் எனக்கு விளக்கினாள். ஆரம்பப் படி போட்டிகளில் மொத்தப் பரிசே 15,000 அமெரிக்க டாலர். அதை 32 பேருக்குப் பிரித்தால், பட்டம் வென்றவளுக்கே இரண்டாயிரத்துச் சொச்சம்தான். முதல் சுற்றில் தோற்றவளுக்கு வருவது சாப்பாட்டுச் செலவுக்குக் காணாது. தரவரிசைப் புள்ளிகள் 52 வாரம்தான் உயிரோடு இருக்கும். போன வருடம் இதே வாரம் ஜெயித்தது இந்த வாரம் கணக்கிலிருந்து விழும், அதே அளவு திரும்பச் சம்பாதிக்காவிட்டால் இறங்க வேண்டியதுதான். காய்ச்சல், கால் சுளுக்கு, அத்தை கல்யாணம் எதுவும் அந்தக் கணக்குக்குத் தெரியாது. காசு தொடங்குவது நூறாவது இடத்துக்குப் பக்கத்தில். பெரிய போட்டியில் 128 பேர் ஆடுவார்கள். 104 பேர் தரவரிசையால் நேராக வருவார்கள், 16 பேர் தகுதிச் சுற்றில் வென்று வருவார்கள், மீதி 8 பேரைப் போட்டி நடத்துகிறவர்களே பார்த்துக் கூப்பிடுவார்கள். இந்த வருட ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றில் தோற்று வீட்டுக்குப் போனவர்களுக்கே 1,32,000 ஆஸ்திரேலிய டாலர். அந்த ஒரு வாசலுக்கு வெளியே நூற்றுக்கணக்கான பேர் ஆயுசைக் கழிக்கிறார்கள். விளம்பரத் தாளில் இந்த வாசல் எங்கே இருக்கிறது என்று போடவில்லை.

இன்னொன்று. 14 வயது ஆகாமல் பெண்கள் தொழில்முறைப் போட்டிகளில் ஆடவே முடியாது. 18 வரை வருடத்துக்கு இத்தனைதான் என்று வரம்பும் உண்டு. ஜெனிஃபர் காப்ரியாட்டி என்ற அமெரிக்கப் பெண் 1990-ல் 13 வயதில் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து, ஒலிம்பிக் தங்கமும் வாங்கி, 17 வயதில் மனசு விட்டுப் போய்விட்டாள். அப்புறம்தான் விதிகளை இறுக்கினார்கள். ஆக, இன்றைக்கே பள்ளியை நிறுத்துவதில் பாப்பாவுக்கு ஒரு போட்டிகூட முன்னால் வரப்போவதில்லை.

நீ சண்டைக்கு ஒரு உதாரணம் தேடுவாய், நானே தருகிறேன். ஈவான் கூலகாங். பாரெல்லன் என்ற சின்னக் கிராமத்தில், செம்மறி ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் தொழிலாளியின் மகள், இந்த மண்ணின் பழங்குடிப் பெண். சின்ன வயதிலேயே சிட்னியில் கோச் வீட்டுக்கு அனுப்பினார்கள். 1971-ல் விம்பிள்டன் வென்றார், 1980-ல் ஒரு குழந்தைக்குத் தாயான பிறகு இன்னொரு தடவை. 1976-ல் இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்திருக்கிறார். அதைக் கணக்கில் விட்டுவிட்டு 2007-ல்தான் கண்டுபிடித்துச் சொன்னார்கள், கூத்தைப் பார். அனுப்பிவைத்ததும் பலித்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாரெல்லன் ஊரே காசு போட்டுத் துணி, பெட்டி வாங்கி அனுப்பியது. வீட்டை அடகு வைத்து அல்ல.

ஆஷும் பழங்குடி வம்ச வழிதான். 2021-ல், கூலகாங் வென்று 50 வருடம் ஆனபோது, அவருடைய பழைய ஆடையின் வளைவு ஓரம் மாதிரியே தைத்துப் போட்டுக்கொண்டு ஆடி விம்பிள்டன் வென்றாள். அந்த ராத்திரியை நான் மறக்க மாட்டேன். அப்பா போய் இரண்டு மாதம். எல்லை மூடிக் கிடந்தது, கொள்ளி வைப்பதைக்கூட உன் போனில்தான் பார்த்தேன். ஆஷும் அந்த வருடம் மார்ச்சில் கிளம்பியவள் செப்டம்பர் வரை வீட்டுப் பக்கம் வர முடியவில்லை. இங்கே ராத்திரி பதினொரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பிளிஸ்கோவாவோடு மூன்றாவது செட் வரை இழுத்தது. ஜெயித்ததும் அப்பா எண்ணுக்குப் போன் போடக் கை போனது. அந்த எண்ணை இன்னும் அழிக்கவில்லை.

அப்பா சொல்லுவாரே, 1961-ல் நம் ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் காலிறுதியில் எமர்சனை அடித்தார், அரையிறுதியில் ராட் லேவரிடம் தோற்றார் என்று. இரண்டு பேரும் இந்தக் குயின்ஸ்லாந்துக்காரர்கள்தான் அக்கா! எமர்சன் பிளாக்பட் என்ற குட்டி ஊர், லேவர் வடக்கே 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ராக்ஹாம்ப்டன். இந்தப் பக்கத்துப் பழைய கோர்ட்டுகள் கறையான் புற்றை உடைத்துப் பொடித்துத் தளம் போட்டவை. அப்பா க்ளப்பில் மார்க்கராக (உறுப்பினர்களோடு ஆடிப் பழக்குபவராக) நின்ற களிமண் கோர்ட்டுக்குச் சாயங்காலம் தண்ணீர் தெளிப்பாரே, அதே மாதிரி இதற்கும் தண்ணீர் தெளித்து உருளை ஓட்ட வேண்டும். ஒரு நாள் நீ, அம்மா, பாப்பா மூன்று பேரும் வந்தால் ராக்ஹாம்ப்டனுக்குக் கூட்டிப்போகிறேன்.

ஆஷ் கதைக்குத் திரும்புகிறேன். 2022 ஜனவரி 29, மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதி ஆட்டம். இரண்டாவது செட்டில் 1-5 என்று பின்னால் இருந்தவள் எழுந்து வந்து முடித்தாள். 1978-க்கு அப்புறம் அந்தப் போட்டியில் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ஆஸ்திரேலியர். கோப்பை கொடுக்க வந்தது கூலகாங். எங்கள் கிடங்கில் அரை மணி நேரம் ஒரு ஃபோர்க்லிஃப்ட் நகரவில்லை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 23-ல் ஓய்வு என்று சொல்லிவிட்டாள். முதலிடத்தில் இருக்கிறாள், வயது 25. தன்னிடம் இனிக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்றாள். இப்போது கோல்ஃப், குழந்தைகள், இதே ஊர். யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை, என் மேனேஜர் ஒருவரைத் தவிர. அவருக்கு எல்லாவற்றிலும் குறை.

பணம் விஷயம். மாதம் 20,000 ரூபாய் பாப்பாவுக்கென்று அனுப்புகிறேன். கோயம்புத்தூரிலேயே நல்ல கோச், உள்ளூர்ப் போட்டிக்கு ரயில் செலவு, ஷூ, எல்லாம் அதிலிருந்து. பள்ளி நிற்கக் கூடாது, வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். அப்புறம், இந்த மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓப்பன் நடக்கப்போகிறது. மழை இல்லாவிட்டால் கூட்டிப்போ. இறுதி ஆட்டத்துக்கு வேண்டாம், முதல் இரண்டு நாள் தகுதிச் சுற்றுக்கு. காலி நாற்காலிகளுக்கு முன்னால் தோற்றுவிட்டுத் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு போகிறவர்களை அவள் பார்க்கட்டும். பார்த்துவிட்டு ராத்திரி ரயிலில் என்ன சொல்கிறாள் என்று நீ கேட்டு எழுது. உன் நாலு பதிவிலும் அவள் குரல் ஒரு இடத்தில்கூட இல்லை.

நண்பர் ஒருவர் 17-ஆம் தேதி கிளம்பி வருகிறார். அவரிடம் ஆறு செட் கட்ஸும் பிடிக்குச் சுற்றும் கிரிப்பும் கொடுத்துவிடுகிறேன். சிந்தெடிக் கட் என்ற நைலான் வகைதான், பாலியெஸ்டர் அல்ல. கடைக்காரர் பாலியெஸ்டர் போடலாம் என்றால் வேண்டாம் என்று சொல். தோள் வலிக்கிறது என்றாளாமே, அம்மா சொன்னாள். இப்போது அவள் ராக்கெட்டில் கட்ஸை எத்தனை பவுண்டில் இழுத்திருக்கிறார்கள் என்று கேட்டுச் சொல். 55 என்றால் இன்றைக்கே அறுத்துவிடச் சொல். 48 போதும்.

அன்புடன்,
உன் தம்பி