மவுன்ட் கேம்பியர் கிளம்புமுன்

மெல்பர்ன்

அன்புள்ள ரகு,

இங்கே எல்லாரும் நலம். சுமதியின் முட்டி வலி குறைந்திருக்கிறது. பெரியவள் ஹோபார்ட்டிலேயே வேலை எடுத்துக்கொண்டாள். மற்ற வீட்டுச் செய்தி லதாவுக்குப் போனிலேயே போயிருக்கும்.

நீயும் காரின் பின்னால் மாட்டி இழுத்துப்போக ஒரு கேரவன் வாங்கிவிட்டாய் என்று துரை சொன்னான். என்னிடம் சொல்லாமல் அவனிடம் முதலில் சொன்னதற்கு நேரில் வைத்துக்கொள்கிறேன். இப்போது வண்டி விஷயம்.

என் ஃபோர்டு ஃபால்கன் கார் தயார். 2004 மாடல் பிஏ, நாலு லிட்டர், ஆறு சிலிண்டர். இதை விற்றுவிட்டு ஒரு டீசல் ஃபோர் வீல் டிரைவ் வாங்கு என்று சொல்லாத ஆளில்லை. நான் அசையவில்லை. ஜீலாங்கில் செய்த எஞ்சின், 380 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, பின்சக்கர இழுவை, தரையோடு படிந்த நீளமான உடம்பு. பாக்கஸ் மார்ஷ் தாண்டி பென்ட்லண்ட் ஹில்ஸ் ஏற்றத்தில் கேரவனோடு ஏறிப் பார்த்தேன். முனகல்கூட இல்லை. உன்னைப் போன்ற ஹோல்டன்காரனுக்கு இது வயிற்றெரிச்சலாக இருக்கும், தெரியும்.

ஆனால் ரகு, இழுக்கிற சக்தி பற்றிக் கவலையே வேண்டாம். காரின் வாலில் உட்காரும் எடைதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. ஃபால்கன் 2,300 கிலோ இழுக்கும் என்பார்கள். கேரவனை மாட்டக் காரின் பின்னால் பொருத்தும் ஹெவி டியூட்டி டோ பாரும், எடையை முன் சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்சும் இருந்தால்தான் அந்த எண். என் கேரவன் சாமான் தண்ணீரோடு 1,500 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு, 150 கிலோ, கேரவன் மாட்டும் உருண்டையான டோ பால் மேல் இறங்குகிறது. அந்த பால் பின் அச்சிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் தள்ளி இருக்கிறதா, அதனால் பின் அச்சில் கூடுவது 150 இல்லை, 200க்கு மேல். கூடுதலாக வந்த அந்த ஐம்பது அறுபது கிலோ முன் சக்கரங்களிலிருந்து பிடுங்கியது. சைக்கிள் கேரியரில் நெல் மூட்டை ஏற்றினால் ஹேண்டில் பிடி நிற்காதே, அதேதான். திருப்புவதும் பெரும்பாலான பிரேக்கும் முன் சக்கரத்தில்தானே இருக்கிறது?

சிலர் பின் ஸ்பிரிங்குக்குள் காற்றுப் பை வைத்து வாலைத் தூக்கிவிடுகிறார்கள். வண்டி சாயாமல் நேராகத் தெரியும், அவ்வளவுதான். முன்னால் எடை திரும்பி வராது. அதைத் திருப்பித் தருவது ஹிட்சின் ஸ்பிரிங் கம்பிகள்தான். நான் எடைமேடையில் காரின் முன் அச்சை மட்டும் மூன்று விதமாக எடை போட்டேன்: தனியாக, கேரவன் மாட்டி, அப்புறம் கம்பிகளை இறுக்கி. போனதில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. அந்தச் சீட்டைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை சுமதியிடம் சொன்னால் அவளுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

கியர்பாக்ஸ் இன்னொன்று. பழைய ஆட்டோமேட்டிக்குகளில் எண்ணெய் குளிர்விப்பான் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். உள்ளே அரித்து ஓட்டை விழுந்தால் கூலன்ட் எண்ணெயோடு கலந்து கியர்பாக்ஸையே தின்றுவிடும். நான் ரேடியேட்டரைப் புதிதாக மாற்றி, வெளியே தனியாக ஒரு ஆயில் கூலர் வைத்து, எண்ணெயும் மாற்றிவிட்டேன். ஏற்றத்தில் கியர் மேலும் கீழும் தவித்தால் ஒரு கியர் குறைத்துப் பிடித்துக்கொள். சூடுதான் அதற்கு எமன்.

இனி உன் ஹோல்டன் கொமடோர் கார். ஹோல்டனின் எலிசபெத் ஆலையில் 2017 அக்டோபரில் கடைசி வண்டி இறங்கிய அன்று நீ போனில் பேசாமல் நின்றது எனக்கு மறக்காது. அந்தக் காரை நீ விற்க மாட்டாய், விற்கவும் வேண்டாம். ஆனால் கேரவனின் பின் பம்பர் சட்டத்தில் ஜெனரேட்டரும் இரண்டு சைக்கிளும் கட்டப்போகிறாய் என்று துரை சொன்னதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அதைச் செய்யாதேடா. கேரவனின் பின்னால் எடை கூடினால் பால் மேல் எடை குறையும். அப்போது பக்கத்தில் ஒரு லாரி கடந்தாலே ஆட ஆரம்பிக்கும், வேகம் கூடினால் ஆட்டமும் கூடும். போன கோடையில் ஹார்ஷமுக்கு இந்தப் பக்கம் ஒரு கேரவன் கவிழ்ந்து, தலையணையும் பாத்திரமும் சாலை முழுக்கக் கிடந்தன. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். அந்த அம்மா புல்லில் உட்கார்ந்திருந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கனமானதை எல்லாம் சக்கரத்துக்கு மேல், தரையோடு வை. ஆட்டம் வந்துவிட்டால் கார் பிரேக்கை மிதிக்காதே. ஆக்சிலரேட்டரை விட்டு, கேரவன் பிரேக்கைக் காரிலிருந்தே இயக்கும் கன்ட்ரோலரின் கை லீவரால் அந்த பிரேக்கை மட்டும் போடு. கன்ட்ரோலர் போடவில்லை என்றால் முதலில் அதைப் போடு. சின்ன கேரவன், கார் பிரேக்கே போதும் என்று விற்றவர் சொன்னாராமே? 750 கிலோவுக்கு மேல் போனால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். டோ பார் தகட்டில் உள்ள எண்ணையும் காரின் கையேட்டையும் பார், எது குறைவோ அதுதான் உனக்கு. ஹிட்ச் வாங்கும் முன், உன் மாடலுக்கு அதைக் கையேடு அனுமதிக்கிறதா என்றும் பார்.

டயரையும் பார்த்துவிடு. ஷெட்டில் நின்ற கேரவன் டயரில் பட்டன் தேயாமல் இருக்கும், ரப்பர் செத்திருக்கும். பக்கவாட்டில் கடைசி நாலு எண்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

மவுன்ட் கேம்பியரில் டிசம்பருக்கு அடுத்தடுத்து இரண்டு இடம் பிடித்துவிட்டேன். அங்குள்ள புளூ லேக் ஏரி அப்போது நல்ல நீலத்தில் இருக்கும். லதாவிடம் புளிக்காய்ச்சல் கேட்டதாகச் சொல், இட்லித்தட்டு எங்களிடம் இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தின வாரம் எடைச் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. வராவிட்டால் நான் அடிலெய்டுக்கே வந்து நிற்பேன்.

அன்புடன்,
செல்வம்