வரலாறு படிப்பிக்கப் போகிறவர்களை ஒரே அறையில் இருத்துங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

இலங்கையில் வரலாற்றுப் பாடநூலைத் திருத்துவது பற்றிப் பேச்சு வந்தாலே எந்த வரியை எடுப்பது, எந்த மன்னனைச் சேர்ப்பது என்ற சண்டைதான். நூல் எப்படி இருந்தாலும் வகுப்பில் அதை விரித்துச் சொல்பவர் ஆசிரியர், அவரை உருவாக்கும் கல்வியியற் கல்லூரிகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

தமிழ் அரசன் எல்லாளனைச் சிங்கள அரசன் துட்டகைமுனு வென்ற கதையையே எடுங்கள். சிங்களவரிடம் அது நாட்டை மீட்ட கதை, தமிழரான நம்மிடம் தோற்றுப்போன நல்ல அரசனின் கதை. பௌத்த பிக்குகள் பாளியில் எழுதிய பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தைத் திறந்தால், எல்லாளன் நண்பன் பகைவன் பாராமல் 44 ஆண்டு நீதியாக ஆண்டான் என்று அதுவே சொல்கிறது. கன்றை இழந்த பசு மணியடித்த கதையும் (நம் மனுநீதிச் சோழன் கதைதான்) அதில் இருக்கிறது. வென்றவன் தோற்றவனுக்கு நினைவுச்சின்னம் எழுப்பி மரியாதை செய்யச் சொன்னான், பின்வந்த அரசர்களும் அவ்விடத்தை நெருங்கினால் வாத்தியத்தை நிறுத்தினார்கள் என்றும் இருக்கிறது. இதைச் சிங்கள, தமிழ் ஆசிரிய மாணவர்கள் சேர்ந்திருந்து வாசித்து வாதாடினால் எவ்வளவு நல்லது! சிங்கள மொழிமூலம், தமிழ் மொழிமூலம் என்று பிரித்துவிடுவதால் பெரும்பாலும் அந்த வாய்ப்பே இல்லை.

நம் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1981 யாழ்ப்பாண நூலக எரிப்பையும் 1983 ஜூலையில் தமிழர் தாக்கப்பட்டதையும் உருகிச் சொல்லும் நாம், 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியதைச் சொல்லும்போது ஏன் பக்கத்தைப் புரட்டுகிறோம்? வகுப்பில் ஒரு முஸ்லிம் பிள்ளை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை முதல் தடவையாக யோசிக்க முடியாது, பயிற்சிக் காலத்திலேயே பேசிப் பழக வேண்டும்.

மலையகத் தோட்டங்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழரின் கதையும் அப்படித்தான். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினால் புள்ளி கிடைக்கும், சரி. அண்ணன் கப்பலேற, தங்கை தோட்டத்திலேயே நின்றுவிட்ட குடும்பங்களை யார் கேட்டு எழுதுவது? யாழ்ப்பாணத்து ஆசிரிய மாணவர் ஹட்டனுக்குப் போய் ஒரு பாட்டியிடம் கேட்டு எழுதட்டும், அதற்குப் புள்ளி போடுங்கள்.

பாடத்திட்டம் முடிக்கவே நேரமில்லை என்பார்கள். ஒரு தவணையில் இரண்டு வாரம் போதும், மூன்று சமூகத்து மாணவர்களும் சேர்ந்து ஒரே நிகழ்வுக்கு ஒரு பாடம் தயாரிக்கட்டும், மொழிபெயர்க்க ஒருவர் இருந்தால் சரி. கல்வி அமைச்சு புதிய நூல் அச்சாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அடுத்த தவணையிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர் ஒருவர், மட்டக்களப்பு