தம்பதியை அனுப்பினால் இருவருக்கும் பணி கொடுங்கள்

வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நானும் என் கணவரும் வேறொரு நாட்டில் தங்கி, படிப்பைப் பாதியில் விட்ட ஏழை இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். நான் எலக்ட்ரீஷியன். வயரிங்கும் மோட்டார் பழுதுபார்ப்பும் சொல்லித்தருகிறவள். அவர் கணக்கர். மறுபடியும் போக விரும்புகிறோம். அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு கோரிக்கை. தம்பதியாக எங்களை எடுப்பதென்றால், ஒருவருக்குப் பணியும் இன்னொருவருக்கு வெறும் விசாவும் கொடுத்து அனுப்பாதீர்கள். இருவருக்கும் தனித்தனிப் பணியாணை கொடுங்கள்.

எங்களை அனுப்பிய அமைப்பு என் கணவரைத்தான் தேர்ந்தெடுத்தது. பயிற்சி மையத்தின் கணக்கு வழக்குகளைச் சீர்ப்படுத்த அங்கே ஆள் தேவைப்பட்டது. நான் அவரோடு போகிற மனைவி, அவ்வளவுதான். போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மையத்துக்காரர்கள் என்னைப் பட்டறைக்கு அழைத்தார்கள். வயரிங் சொல்லித்தர அங்கே போதுமான ஆள் இல்லை. ஆனால் என் விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது. சம்பளம் வாங்காமல் செய்தாலும் பல நாடுகளின் சட்டத்தில் அது வேலைதான். காப்பீடும் அப்படியே: பட்டறையில் அடிபட்டால் என் கணவருக்குப் பணம் வரும், எனக்கு வராது. மின்சாரத்தில் கைவைக்கிற தொழிலில் இதை எப்படிச் சின்ன விஷயம் என்று விடுவது? விசா ஆவணங்களை மாற்றி அனுமதி வாங்குவதற்குள் ஒரு பிரிவு மாணவர்கள் வயரிங்கைப் பாதி மட்டும் படித்துவிட்டு வெளியே போய்விட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அனுமதி வந்தபிறகு நடந்ததைத்தான் உங்களுக்கு விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அதுவரை வயரிங் வகுப்பில் பையன்கள் மட்டும்தான் இருந்தார்கள். பெண்கள் சேரக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஆண் பயிற்றுநரும் ஆண் மாணவர்களுமாக இருக்கிற பட்டறையில் நாள் முழுக்க மகளை விட்டுவைக்கப் பெற்றோருக்கு மனம் வரவில்லை. நான் சேர்ந்த பிறகு முதலில் வந்தவர்கள் அம்மாக்கள். கழிப்பறை எங்கே இருக்கிறது, இருட்டுவதற்குள் வகுப்பு முடிந்துவிடுமா, நான் கடைசிவரை கூடவே இருப்பேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். கணவரோடு பக்கத்திலேயே குடியிருக்கிறேன் என்று தெரிந்ததும் பேச்சு சுலபமாகிவிட்டது. அடுத்த பிரிவில் பெண்கள் சேர்ந்தார்கள். மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரைப் பிடிக்கவே பயந்தவர்கள், அந்தப் பிரிவு முடிவதற்குள் முழு வீட்டுக்கு வயரிங் இழுத்தார்கள். வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் ஆண் எலக்ட்ரீஷியனை உள்ளே விடத் தயங்குகிற வீடுகள் அங்கே நிறைய. அந்த வீடுகள்தான் எங்கள் மாணவிகளின் முதல் வாடிக்கையாளர்கள். அப்படி ஒரு வேலைவாய்ப்பு இருப்பதே அதுவரை மையத்தில் யார் கண்ணிலும் படவில்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி 2023-ல் உலக இளைஞர்களில் ஐந்தில் ஒருவர் படிப்பிலும் இல்லை, வேலையிலும் இல்லை, பயிற்சியிலும் இல்லை. அந்தக் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். இளம் ஆண்களில் 13.1 சதவீதம் பேர் இப்படி இருக்கிறார்கள் என்றால், இளம் பெண்களில் 28.1 சதவீதம். 'பின்தங்கிய இளைஞர்களுக்கு வேலைத்திறன்' என்று உங்கள் திட்ட அறிக்கைகளில் எழுதுகிறீர்களே, அந்த இளைஞர்களில் பெரும்பகுதி இந்தப் பெண்கள்தான். அவர்களைப் பட்டறைக்குள் கொண்டுவரக்கூடிய பயிற்றுநர், நீங்கள் அனுப்புகிற தம்பதியிலேயே இருக்கலாம். அவருக்கு ஒரு பணியாணை கொடுத்தால் போதும்.

அப்புறம் என் கணவரின் பங்கு. எங்கள் மாணவர்களுக்குக் கை நன்றாக ஓடியது, ஆனால் கூலி கேட்க வாய் வரவில்லை. வயரும் சுவிட்சும் வாங்கின காசைக்கூடச் சேர்க்காமல் வேலையை முடித்துக் கொடுத்தவர்கள் உண்டு. காலையில் என்னிடம் வயரிங் போட்டவர்களை மாலையில் அவர் உட்காரவைத்து, அதே வேலைக்கு மதிப்பீடு எழுத வைப்பார். சரக்குக்கு எவ்வளவு, போகவர எவ்வளவு, உன் நேரத்துக்கு எவ்வளவு? முன்பணம் எப்படிக் கேட்பாய்? அடுத்த மாதம் தருகிறேன் என்றவரிடம் மறுபடி எப்படிப் போய் நிற்பாய்? உலகத்தில் வேலை செய்கிறவர்களில் 60 சதவீதத்துக்கு மேல், ஏறக்குறைய 200 கோடிப் பேர், முறைசாராத் துறையில் இருப்பதாக அதே அமைப்பு 2018-ல் சொன்னது. எங்கள் மாணவர்களும் பெரும்பாலும் அங்கேதான் போகப்போகிறார்கள். சம்பளச் சீட்டு, மேலாளர், கணக்குப் பிரிவு எதுவும் அவர்களுக்கு இருக்காது. தொழிலும் கணக்கும் சேர்ந்து வந்தால்தான் பிழைக்க முடியும்.

இரண்டு பயிற்றுநர்கள் ஒரே வீட்டில் இருப்பதன் பலன் இங்கேதான் தெரியும். யாருக்கு வேலை வருகிறது, கணக்கு வரவில்லை. யார் இரண்டு நாளாக முகம் வாடியிருக்கிறார். எந்த ஒப்பந்தக்காரர் கற்றுக்கொள்ள வந்தவர்களை எடுபிடியாகவே வைத்திருக்கிறார். சாப்பிடும்போது பேசியே அடுத்த நாள் பாடத்தை மாற்றியிருக்கிறோம். இதற்குக் கூட்டம் எதுவும் கூட்ட வேண்டியிருக்கவில்லை.

சான்றிதழ் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உகாண்டாவில் நடந்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, தொழிற்பயிற்சிப் பள்ளியில் படித்தவர்களையும் நேரடியாக நிறுவனங்களில் பழகியவர்களையும் ஒப்பிட்டது. நிறுவனங்களில் பழகியவர்களுக்குச் சீக்கிரம் வேலை கிடைத்தது. நாள் போகப்போக, எங்கே போனாலும் காட்டக்கூடிய சான்றிதழ் கையில் இருந்தவர்கள் அவர்களை முந்தினார்கள். ஆகவே பாடத்தை உள்ளூர் அரசுத் தேர்வோடு பொருத்துவது, தேர்வுக்குப் பதிவு செய்வது, முதலாளிகளிடம் ஏறி இறங்குவது எல்லாமே பயிற்சியில் சேர்த்திதான். பட்டறையில் நிற்கிறவரால் இதையும் பார்க்க முடியாது. இரண்டாவது ஆளுக்கு வேலை இருக்குமா என்று யோசிக்கிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

இருவருக்கும் பணி என்றால் இருவருக்கும் முன்பயிற்சியும் வேண்டும். கறுப்பு வயர் ஒரு நாட்டில் நியூட்ரல், இன்னொரு நாட்டில் ஃபேஸ். ஓரிடத்தில் 120 வோல்ட், ஓரிடத்தில் 230. சொந்த நாட்டுப் பழக்கத்தோடு போய்ப் பாடம் எடுத்தால் உயிர் போகும். புறப்படும் முன் என் கணவருக்கு மொழி வகுப்பு இருந்தது, பாதுகாப்பு வகுப்பு இருந்தது. எனக்கு இரண்டும் இல்லை. அந்த நாட்டு மின்சார விதிகளை அங்கேயே ஒரு மூத்த எலக்ட்ரீஷியனிடம் கற்றுக்கொண்டேன். அவருக்கு என் வாழ்நாள் நன்றி.

இந்தக் குறை எப்படி வந்தது என்று எனக்குப் புரிகிறது. 1958-ல் பிரிட்டனில் வி.எஸ்.ஓ. என்ற தன்னார்வலர் அமைப்பு தொடங்கியபோது அனுப்பப்பட்டவர்கள் பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்கள். 1961-ல் வந்த அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோரிலும் பெரும்பாலும் கல்லூரி முடித்த இளைஞர்களே. தனி ஆளை மனதில் வைத்து உருவான ஏற்பாடுகள் இவை. ஆனால் பீஸ் கோர் இன்று தம்பதிகளை எடுக்கும்போது இருவரும் தனித்தனியாகத் தகுதி பெற்றாக வேண்டும், இருவருக்கும் பணி இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் அனுப்புகிறது. ஒரே ஊரில் இரண்டு பணி கிடைப்பது கடினம்தான், காத்திருக்க நேரும். சரி, காத்திருக்கிறோம்.

ஒருவர் கிளம்பினால் இன்னொருவரும் கிளம்பிவிடுவார், திட்டமே நின்றுபோகும் என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். நியாயமான பயம். அதற்காகத்தான் எங்கள் ஒவ்வொருவரோடும் ஓர் உள்ளூர் பயிற்றுநரை முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள் என்கிறேன். வகுப்பு அவருடையது, நாங்கள் உடன் நிற்பவர்கள். அந்த வேலைக்குத் தகுதியான ஆள் அந்த ஊரிலேயே வேலை தேடிக்கொண்டிருந்தால் எங்களை அனுப்பவே வேண்டாம்.

நேர்காணலையும் நன்னடத்தைச் சான்று சரிபார்ப்பையும் இருவருக்கும் தனியாகச் செய்யுங்கள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, 'எனக்கு இதில் முழு விருப்பம் இல்லை' என்று எந்த மனைவியும் எளிதில் சொல்லமாட்டாள், கணவனும் அப்படியே. அங்கே போனபிறகு குறை சொல்லவும் இருவருக்கும் தனி வழி வேண்டும். ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை மற்றவர் மூலம் சொல்லி அனுப்பாதீர்கள். ஒருவர் உடல்நலமின்றித் திரும்பினாலோ, மணவாழ்க்கையே முறிந்தாலோ, மற்றவரின் பணி தானாக முடிந்துவிடக் கூடாது.

எங்கள் இருவரின் விண்ணப்பங்களும் தனித்தனியாகத் தயாராக இருக்கின்றன, இரண்டிலும் தனித்தனிப் பணி கேட்டிருக்கிறோம். அடுத்த தேர்வுச் சுற்றில் தம்பதிகளுக்கான விதிகளை மாற்றுவீர்களா என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

நன்றியுடன்,
தொழில் கற்றுக்கொடுக்க மறுபடியும் புறப்படக் காத்திருக்கும் ஒரு தம்பதி