பிளான் பாஸாகிவிட்டது, கட்டிலை எங்கே போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர்கள் சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனடியாக அனுமதி பெறும் முறை 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் வந்தது. அலைச்சல் மிச்சம், வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அனுமதி கைக்கு வந்ததுமே, 'பிளான் பாஸாகிவிட்டது, இனி பூமி பூஜைதான்' என்று கிளம்பிவிடுகிறார்கள். சாலைப் பக்கம் எவ்வளவு விட்டீர்கள், பக்கவாட்டில் எவ்வளவு, உயரம் என்ன, மொத்தப் பரப்பு என்ன என்பதோடு விதியின் கேள்விகள் ஏறக்குறைய முடிந்துவிடும். பீரோ கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்குமா என்று பார்ப்பது விதியின் வேலை இல்லை. அதை வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை இதற்கு ஒதுக்கினால் போதும்.

முதலில் அளவைப் பற்றிய ஒரு கேள்வி. பிளானில் 10-க்கு 10 என்று எழுதியிருக்கிறதே, அது சுவரின் உட்புறத்திலிருந்து உட்புறத்துக்கா, சுவர் மையத்திலிருந்து மையத்துக்கா? மையத்திலிருந்து என்றால், இரு பக்கமும் 9 அங்குலச் சுவராக இருக்கும்போது 9 அங்குலம் போய்விடும். பூச்சு ஒரு பக்கத்துக்கு அரை அங்குலம் என்று வைத்தால் இன்னும் ஓர் அங்குலம் போகும். 10 அடி அறை 9 அடி 2 அங்குலத்தில் வந்து நிற்கும். டைல்ஸ் ஒட்டும் பாத்ரூமில் இழப்பு இதைவிட அதிகம். 'பூச்சு முடிந்த உள்ளளவு' என்று ஒவ்வோர் அறையிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வேறு சில கேள்விகளும் கேட்க வேண்டியிருக்கும்.

அடுத்து, கால் அங்குலத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் பிளானை அச்செடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இப்போது இருக்கும் சாமான்களை டேப் வைத்து அளந்து, அதே கணக்கில் காலண்டர் அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். கட்டிலையும் பீரோவையும் பிளான் வரைபவர் கம்ப்யூட்டரில் இருக்கும் படத்திலிருந்து எடுத்துப் போடுவார். அந்தக் கட்டில் சில சமயம் 4 அடி அகலத்தில் இருக்கும். இருவர் படுக்கும் மெத்தையே 5 அடிக்கு 6½ அடி. தலைமாட்டுப் பலகையோடு சேர்த்தால் கட்டிலின் நீளம் ஏறத்தாழ 7 அடி. சுவரோடு கட்டும் அலமாரியின் ஆழம் 2 அடி, அதன் ஒரு கதவு திறக்க ஒன்றரை அடி. மனிதர் இடிபடாமல் நடக்கக் குறைந்தது 2 அடி.

இந்த அட்டைகளை உள்ளளவு 10-க்கு 10 உள்ள அறையில் வைத்துப் பாருங்கள். கால்மாட்டுச் சுவரில் அலமாரி என்றால், 7 அடி கட்டிலும் 2 அடி அலமாரியும் போக நடுவில் மிஞ்சுவது ஓரடி. அலமாரிக் கதவு பாதிகூடத் திறக்காது. பக்கச் சுவரில் அலமாரி என்றால் மீதி 3 அடி. அதைக் கட்டிலின் இரு பக்கமும் பிரித்தால் ஒன்றரை ஒன்றரை, ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். கட்டிலைச் சுவரோடு ஒட்டினால், உள்பக்கம் படுப்பவர் ராத்திரி எழுந்திருக்க மற்றவரைத் தாண்டி வர வேண்டும். அதே அறையில் கட்டிலின் அகலவாக்கில் 2 அடி கூட்டி 12 ஆக்குங்கள். அலமாரிப் பக்கம் 3 அடி, மறுபக்கம் 2 அடி, கால்மாட்டில் 3 அடி என்று எல்லாம் தீர்ந்துவிடுகிறது. கூடிய இடம் 20 சதுர அடிதான். பெரும்பாலான பிளான்களில் அதை ஹாலிலிருந்து எடுத்துவிடலாம், ஹால் சாகாது.

கதவைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. கதவு நிலையை மூலையிலிருந்து 4 அங்குலம் தள்ளி வைப்பதுதான் நம் கொத்தனார்களின் வழக்கம். கதவு திறந்தால் பக்கச் சுவரில் 3 அடியை மூடிக்கொண்டு நிற்கும், அங்கே எதையும் வைக்க முடியாது. நிலையை மூலையிலிருந்து 2 அடி 3 அங்குலம் தள்ளி வைத்தால் 2 அடி ஆழ அலமாரி கதவுக்குப் பின்னால் மூலைவரை போய்விடும். ஒரு செங்கல் செலவுகூட அதிகம் இல்லை. பாத்ரூம் கதவு, பால்கனிக் கதவு, நுழைவுக் கதவு மூன்றும் ஒரே படுக்கையறையின் மூன்று சுவர்களில் இருந்தால் அந்த அறை நடைபாதைதான். இரண்டு கதவுகளை ஒரே பக்கமாக ஒதுக்கப் பாருங்கள்.

பில்லரையும் கேளுங்கள். பில்லர் 9-க்கு 12 அங்குலம் என்றால், 4½ அங்குலத் தடுப்புச் சுவரின் ஒரு பக்கத்தோடு சமமாக நிற்கும்போது அது மறுபக்கம் நாலரை அங்குலம் அறைக்குள் துருத்தும், திருப்பிப் போட்டுவிட்டால் ஏழரை. அனுமதிக்குக் கொடுக்கும் பிளானில் இது பெரும்பாலும் தெரியாது. அலமாரி செய்ய வரும் ஆசாரிதான் முதலில் கண்டுபிடிப்பார். பில்லர் வரைபடத்தை அறை வரைபடத்தின் மேல் வைத்து ஒரே தாளில் கேட்டு வாங்குங்கள்.

மாடிப்படியில் நடக்கும் தவறு எல்லாவற்றையும்விடக் கொடியது, ஏனென்றால் கான்கிரீட் போட்டபின் அதைத் திருத்தவே முடியாது. பிளானில் படிகளை விரல் வைத்து எண்ணுங்கள். தரைக்கும் மாடித் தரைக்கும் உயரம் 10½ அடி என்றால் 126 அங்குலம். ஒரு படிக்கு 7 அங்குலம் வைத்தால் 18 ஏற்றம் வேண்டும். பிளானில் 12 கோடுதான் இருக்கிறதா? அப்படியானால் ஒவ்வொரு படியும் பத்தரை அங்குலம். அறுபது வயதுக்காரருக்கு அது படி இல்லை, ஏணி. தேசிய கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்குச் சொல்லும் உச்ச வரம்பே 19 செ.மீ., அதாவது ஏழரை அங்குலம். மிதிபடுகை, அதாவது கால் வைக்கும் பரப்பின் ஆழம், 25 செ.மீ.க்குக் குறையக் கூடாது, அது 10 அங்குலம்.

18 ஏற்றத்தை நடுவில் திரும்பும் படியாக 9, 9 எனப் பிரித்தால், ஒன்பதாவது ஏற்றம் மேடையிலேயே முடிவதால், ஒரு பக்கத்துக்கு 8 மிதிபடுகை, அதாவது 6 அடி 8 அங்குலம். திரும்பும் மேடைக்கு 3 அடி. அகலத்தில் 3 அடி வீதம் இரண்டு வரிசை, இடையில் 4 அங்குலம். ஆக, படிக்கு மட்டும் உள்ளளவில் சுமார் 6½-க்கு 9¾ அடி வேண்டும். அடியில் ஏறத் தொடங்கும் இடத்தில் நின்று திரும்ப இன்னொரு 3 அடி வேண்டும். பிளானில் இதற்கு 6-க்கு 8 தான் ஒதுக்கியிருந்தால், படி செங்குத்தாகும் அல்லது ஹாலுக்குள் நீளும். இரண்டில் ஒன்று நடந்தே தீரும்.

அதே படிக்குக் கீழே ஒரு கழிப்பறையையும் வரைந்திருப்பார்கள். திரும்பும் மேடை தரையிலிருந்து 9 ஏற்றம், 63 அங்குலம். மேடையின் கான்கிரீட்டும் பூச்சும் 6 அங்குலம் போனால் மிச்சம் 57 அங்குலம், 4 அடி 9 அங்குலம். குனிந்துகொண்டேதான் உள்ளே போக வேண்டும். அது துடைப்பம், பழைய பேப்பர், இன்வெர்ட்டர் வைக்கும் இடம். கழிப்பறை வேண்டும் என்றால் முதல் வரிசையை நீட்டி மேடையை உயர்த்த வேண்டும், அல்லது கழிப்பறையை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும்.

ஜன்னலுக்கு வருவோம். வெக்கையும் ஈரமும் சேர்ந்த பகுதிகளுக்கு, அறைத் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது அதே விதித்தொகுப்பு. 100 சதுர அடி அறைக்கு ஏறக்குறைய 17 சதுர அடி. 4 அடிக்கு 4½ அடி ஜன்னல் 18 சதுர அடி, கணக்கு சரிதான். ஆனால் அதில் இப்போது எல்லோரும் போடும் இரட்டைத் தட நகரும் ஜன்னலை மாட்டினால் எப்போதும் ஒரு பாதி மூடியே இருக்கும், காற்றுக்குக் கிடைப்பது 9 சதுர அடி. கீல் வைத்துத் திறக்கும் ஜன்னல் முழுவதும் திறக்கும். அதைவிட முக்கியம், காற்று உள்ளே வந்தால் வெளியே போக இன்னொரு வழி வேண்டும். எதிரே இருக்கும் கதவே அந்த வழி என்று பிளானில் அம்புக்குறி போட்டுக் காட்டுவார்கள். ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டபின் அந்த அம்பு எங்கே போகும்? பழைய வீடுகளில் கதவுக்கு மேல் வென்டிலேட்டர் இருந்தது. ஏ.சி. வந்து அதை அடைத்துவிட்டது. இன்னொரு சுவரில் 2 அடிக்கு 3 அடி ஜன்னல் ஒன்றாவது கேளுங்கள்.

வெயில் விஷயத்தில் பலர் தெற்கைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அக்னி நட்சத்திர நாள்களில் சென்னையிலும் நெல்லையிலும் உச்சி வெயில் தலைக்கு நேர் மேலே, சற்று வடக்கே சாய்ந்திருக்கும். தெற்கு ஜன்னலுக்கு 2 அடி சன்ஷேடே தாராளம். சங்கடம் மேற்குச் சுவரில்தான். மே மாதம் மாலை 4 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 35 பாகை அளவில் இருக்கும்போது, மேற்கு ஜன்னலில் 2 அடி சன்ஷேடின் நிழல் ஒன்றரை அடிதான் இறங்கும். நாலரை அடி ஜன்னலில் மீதி 3 அடி வழியாக வெயில் நேரே கட்டிலில் விழும். வாஸ்துப்படி பெரிய படுக்கையறை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் வரும். வாஸ்து பார்ப்பவரோடு சண்டை போட வேண்டாம். அறை அங்கேயே இருக்கட்டும், ஜன்னலைத் தெற்கில் வையுங்கள், மேற்குச் சுவர் முழுக்க அலமாரியும் லாஃப்டும் வரட்டும். சுவரின் சூட்டை முதலில் துணிமணி தாங்கிக்கொள்ளும். படியையோ பாத்ரூமையோ மேற்கில் ஒதுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

சமையலறை 6 அடி அகலத்தில் இரு பக்கமும் மேடை என்றால் நடுவில் 2 அடிதான். ஒருவர் அடுப்பில் நிற்கும்போது இன்னொருவர் பின்னால் போக முடியாது. 7 அடியாவது வேண்டும், அல்லது மேடையை எல் வடிவத்தில் ஒரு பக்கமாகப் போடுங்கள். தொட்டிக்கும் அடுப்புக்கும் இடையில் காய் நறுக்க 2 அடி மேடை இருக்க வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே ஜன்னல் வைத்தால் சுடர் அலையும், அதனால் ஜன்னலைத் தொட்டிப் பக்கம் வைத்து, அடுப்புக்கு மேலே எக்ஸாஸ்டுக்கு ஓட்டை விடுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே சிலிண்டர் இருக்கும் இடத்தில் தரையை ஒட்டி வெளிச்சுவரில் ஒரு திறப்பு கட்டாயம். கிரைண்டரும் தண்ணீர் கேனும் எங்கே என்று கேட்டால் பிளானில் பதில் இருக்காது, நீங்களே குறியுங்கள்.

பாத்ரூமில் மூன்றே விஷயம். மாடிப் பாத்ரூம் கீழ்ப் பாத்ரூமுக்கு நேர் மேலே இருக்கிறதா? சமையலறைக்கோ பூஜை அறைக்கோ மேலே வந்தால், ஒழுகத் தொடங்கும் நாளில் குடும்பமே அதைப் பற்றித்தான் பேசும். கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா? உள்ளே வழுக்கி விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உள்ளே தள்ளும் கதவைத் திறக்க வழியில்லை. தரைத்தளத்தில் படி ஏறாமல் போகக்கூடிய ஒரு படுக்கையறையும் பாத்ரூமும் இருக்கிறதா? அந்தக் கதவு மட்டுமாவது இரண்டரை அடிக்குப் பதில் 3 அடி இருக்கட்டும். நாளைக்கு வாக்கரோ சக்கர நாற்காலியோ போக வேண்டியிருக்கும்.

கடைசியாகச் சிவப்புப் பென்சிலை எடுத்து, ஒரு நாளில் வீட்டில் நடக்கும் நடையைக் கோடு போடுங்கள். வாசலிலிருந்து சமையலறைக்குக் காய்கறிப் பை, ராத்திரி படுக்கையிலிருந்து கழிப்பறை, வாஷிங் மெஷினிலிருந்து ஈரத்துணியோடு மொட்டை மாடி. இந்தக் கோடுகள் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் போகின்றனவா என்று பாருங்கள். ஐந்து கதவு திறக்கும் 12-க்கு 18 ஹாலில் உட்கார ஒரு நல்ல மூலை இருக்காது. வாசலில் நிற்பவர் கண்ணுக்குச் சமையலறைத் தொட்டி தெரிகிறதா என்றும் பாருங்கள். பழைய வீட்டில் வாசலை அடுத்த நடையான ரேழி அதை மறைத்தது. இப்போது 3 அடி அகலத் தடுப்புச் சுவர் ஒன்று போதும்.

மனையில் சுண்ணாம்புக் கோடு போடும் அன்று எல்லா அறையும் சின்னதாகத்தான் தெரியும். திறந்தவெளியில் கண் அப்படித்தான் ஏமாற்றும். பதறிப்போய் அங்கேயே ஓரடி கூட்டச் சொல்லாதீர்கள். ஒரு கட்டிலைக் கொண்டுபோய்க் கோட்டுக்குள் போட்டுச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தங்கள் நாளிதழின் வீட்டுமனைப் பக்கத்தில் அச்சாகும் மாதிரி பிளான்களில் வடக்குக் குறி, உள்ளளவு, உண்மை அளவில் கட்டில், படிகளின் எண்ணிக்கை ஆகிய நான்கும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். பலர் அந்தப் படத்தைக் கத்தரித்துத்தான் மேஸ்திரியிடம் கொடுக்கிறார்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
கும்பகோணம்.