இந்த வருடச் சுற்றுலாவுக்கு காசில்மெய்ன் கப்பல்: மெல்பர்ன் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மெல்பர்னில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர் குழுவினருக்கும் வணக்கம்.

சுற்றுலா என்று பேச்சு எடுத்தாலே விலங்குக் காட்சிசாலை, இல்லாவிட்டால் ஏதாவது பூங்காவில் பார்பிக்யூ. இரண்டுமே பிள்ளைகளுக்குப் பிடித்தவைதான். இந்த வருடம் ஒரு மாறுதலுக்கு, வில்லியம்ஸ்டவுன் ஜெம் பியர் படகுத்துறையில் அருங்காட்சியகமாக நிற்கும், ஆஸ்திரேலியக் கடற்படையின் பழைய போர்க்கப்பலான எச்எம்ஏஎஸ் காசில்மெய்னுக்குள் அவர்களை அழைத்துப் போங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். நம் குடும்பங்களில் பலர் அந்தக் கரைக்குப் போகிறார்கள், கப்பலைப் பின்னணியில் வைத்துப் படமும் எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் ஏறிப் பார்ப்பவர்கள் குறைவு.

அது கண்ணிவெடி அகற்றும் கப்பல், அதாவது மைன்ஸ்வீப்பர். கிட்டத்தட்ட 57 மீட்டர் நீளம். அங்கேயே இருந்த வில்லியம்ஸ்டவுன் கப்பல் தளத்தில் கட்டி 1941 ஆகஸ்டில் நீரில் இறக்கினார்கள், 1942 ஜூனில் கடற்படையில் சேர்ந்தது. இரண்டாம் உலகப்போரின்போது ஆஸ்திரேலியா கட்டிய இந்த பாதர்ஸ்ட் வகைக் கப்பல்கள் மொத்தம் 60. அவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை இரண்டே இரண்டு: ஒன்று இது, இன்னொன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் கரையேற்றி வைத்திருக்கும் வயல்லா.

அந்த 60 கப்பல்களில் நான்கு இந்தியக் கடற்படைக்காகக் கட்டப்பட்டவை. பெங்கால், பம்பாய், பஞ்சாப், அப்புறம் மெட்ராஸ். ஆம், நம் மெட்ராஸ்தான். எச்எம்ஐஎஸ் (அன்றைய இந்தியக் கடற்படைக் கப்பல்களின் பெயருக்கு முன் வரும் எழுத்துகள்) மெட்ராஸ் 1942 பிப்ரவரியில் சிட்னியின் காக்கட்டூ தீவில் நீரில் இறங்கியது. 1942 மே 31 இரவு ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கிகள் சிட்னி துறைமுகத்துக்குள் புகுந்தபோது எச்எம்ஐஎஸ் பம்பாய் அங்கேதான் நின்றது. அதே வருடம் நவம்பர் 11 அன்று, ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்த எச்எம்ஐஎஸ் பெங்கால், கோக்கோஸ் தீவுகளுக்கு அப்பால் தன்னைவிடப் பல மடங்கு பெரிய இரண்டு ஜப்பானியக் கப்பல்களை எதிர்த்து நின்றது. அவற்றில் ஹொகொகு மாரு தீப்பிடித்து மூழ்கியது, பெங்காலும் ஒண்டினாவும் தப்பின. "இது மெட்ராஸ் கப்பலோட அக்கா தங்கச்சி" என்று சொல்லி ஒரு பிள்ளையைக் காசில்மெய்ன் மேல்தளத்தில் நிறுத்திப் பாருங்கள், அதற்கப்புறம் அது கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

ஏறியதும் பிள்ளைகள் எல்லாம் முன்னாலிருக்கும் பீரங்கிக்குத்தான் ஓடுவார்கள். ஓடட்டும். ஆனால் விளக்கத்தைத் தயவுசெய்து பின்தளத்திலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் இந்தக் கப்பலின் உண்மையான வேலை அங்கேதான் நடந்தது. கண்ணிவெடி கடலடியில் ஒரு கனமான எடையோடு கம்பியால் கட்டப்பட்டு, மேலே தெரியாதபடி தண்ணீருக்குள் மிதந்து நிற்கும். அதை எடுக்க, பின்தளத்து வின்ச்சிலிருந்து (வடம் சுற்றும் இயந்திரம்) நீளமான எஃகு வடத்தை விடுவார்கள். வடத்தின் கடைசியில் டார்பிடோ வடிவத்தில் ஒரு மிதவை, அதற்குக் கீழே தண்ணீருக்குள் ஒரு சட்டகம். கப்பல் இழுக்க இழுக்க அந்தச் சட்டகம் வடத்தைப் பக்கவாட்டில் விரித்துக்கொண்டே போகும். விசைப்படகில் இழுவலையின் வாயை விரித்துப் பிடிக்கும் பலகையும் இதே தத்துவம்தான், நாகப்பட்டினம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். கப்பலுக்கு அருகே இன்னொரு சட்டகம் வடத்தைக் கீழே அமுக்கிப் பிடிக்கும். கண்ணிவெடியின் கம்பி இந்த வடத்தில் மாட்டி, வழுக்கிக்கொண்டு போய் வடத்தில் பொருத்திய வெட்டுக்கத்தியில் அறுபடும், வெடி மேலே மிதந்து வரும், அதைத் துப்பாக்கியால் சுட்டு மூழ்கடிப்பார்கள் அல்லது வெடிக்க வைப்பார்கள். பல கப்பல்கள் சேர்ந்து போகும்போது பின்னால் வருபவை முன்கப்பல் சுத்தம் செய்த தண்ணீரிலேயே வரலாம். முதல் கப்பலுக்கு அந்தக் காப்பு கிடையாது.

இதெல்லாம் எங்கோ ஐரோப்பாவில் நடந்தது என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. 1940இல் ஜெர்மானியக் கப்பல்கள் நம் விக்டோரியா கரைக்கு எதிரே, பாஸ் நீரிணையில் கண்ணிவெடி போட்டுவிட்டுப் போயின. அந்த நவம்பர் 7 அன்று வில்சன்ஸ் ப்ரோமன்டரிக்கு அருகே கேம்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் கப்பலும், மறுநாள் கேப் ஆட்வேக்கு அருகே சிட்டி ஆஃப் ரேவில் என்ற அமெரிக்கக் கப்பலும் மூழ்கின. கிரேட் ஓஷன் ரோடு வழியாகக் காரில் போகும்போது நாம் இறங்கிப் பார்க்கிறோமே, அதே கடல். போர் முடிந்த பிறகும் இந்த வேலை முடியவில்லை. 1947 செப்டம்பரில், ஆஸ்திரேலியாவே போர்க்காலத்தில் போட்டிருந்த கண்ணிவெடிகளை அகற்றிக்கொண்டிருந்தபோது, இதே வகையைச் சேர்ந்த வார்னம்பூல் வெடியில் மாட்டி மூழ்கி நான்கு பேர் இறந்தார்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு, இதே வகையைச் சேர்ந்த ஆர்மிடேல் கப்பலின் கதையைச் சொல்லுங்கள். 1942 டிசம்பர் 1 அன்று திமோர் கடலில் காசில்மெய்ன் அகதிகளை ஏற்றிக்கொண்டு டார்வினுக்குத் திரும்பியது, கூட வந்த ஆர்மிடேல் மறுபடி திமோரை நோக்கிப் போகவேண்டியிருந்தது. அன்று பிற்பகலே ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. 149 பேரில் 100 பேர் திரும்பவில்லை. டெடி ஷீன் என்ற 18 வயதுப் பையன், கப்பல் மூழ்கும்போதும் துப்பாக்கியோடு தன்னைக் கட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்கு வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது 2020இல்தான். உங்கள் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் ஏறக்குறைய அதே வயது. கீழ்த்தளத்தில், சாப்பாட்டு மேசைக்கு மேலேயே ஊஞ்சல் படுக்கை கட்டித் தூங்கிய அந்தக் குறுகிய இடத்தில் நின்று இதைக் கேட்டால் மனதில் நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கப்பலைப் பராமரிப்பவர்கள் தன்னார்வலர்கள். உப்புத் தண்ணீரில் நிற்கும் எண்பது வருட எஃகு, துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்து ஒரு முனைக்கு வருவதற்குள் மறுமுனையில் துரு பிடித்துவிடும். நாம் கொடுக்கும் நுழைவுக் கட்டணம் அந்த வேலைக்குத்தான் உதவும். நம் பிள்ளைகளில் நான்கு பேர் பிறகு அங்கே பெயின்ட் அடிக்கப் போனால் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

சரி, நடைமுறை விஷயங்கள். ஏணிகள் செங்குத்தானவை, கதவுகளின் வாசற்படி உயரம், அதனால் பாவாடை, செருப்பு வேண்டாம், பேன்ட்டும் ஷூவும் போட்டு வரச் சொல்லுங்கள். முட்டி வலி இருக்கும் தாத்தா பாட்டிகளுக்குக் கீழ்த்தளங்கள் சரிப்படாது, கரையில் உட்கார நிழலான பூங்கா இருக்கிறது. மொத்தமாக ஏற்றாமல் சின்னக் குழுக்களாகப் பிரித்து அனுப்புங்கள், முன்கூட்டியே கப்பல்காரர்களிடம் பேசி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். நாள் முடிவானதும் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பின்தளத்தில் நின்று அந்த வடமும் மிதவையும் எப்படி வேலை செய்தன என்று தமிழில் விளக்க நான் வருகிறேன்.