கத்தி போலந்தில், காயம் பேர்லினில்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற மாத இதழின் விளம்பரப் பக்கத்தில், போலந்து நாட்டு அழகுச் சத்திரசிகிச்சை நிலையம் ஒன்றுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் முகவர் ஒருவரின் அரைப்பக்க விளம்பரம் வந்திருந்தது. 'அரைவாசி விலை, ஜேர்மன் மொழி பேசும் உதவியாளர், வாசலில் இருந்து வாசலுக்கு வாகனம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் என்பதால் காப்புறுதிக் கவலை இல்லை' என்று அதில் எழுதியிருந்தது. இவற்றில் முதல் மூன்றும் உண்மை என்பது எனக்குத் தெரியும். நான்காவது உண்மையல்ல என்பதும் தெரியும் என்பதாலேயே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

பேர்லினில் வாழும் நமக்கு, ஜேர்மனியர் ஸ்டெட்டின் என்று அழைக்கும் போலந்தின் ஷ்செச்சின் நகரம் வெளிநாடு போலவே தோன்றுவதில்லை. தொடருந்தில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பிரான்டன்பூர்க்-பேர்லின் நாள் பயணச்சீட்டே அந்த நகர நிலையம் வரை செல்லும். பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் அங்கே போய்வருகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அப்படியிருக்க, மூன்று பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் இருவரை வயிற்றைக் கீறி எடுத்த என் மச்சாள், தொங்கிப்போன வயிற்றுத் தோலை வெட்டி இறுக்க வேண்டும் என்று விரும்பியதையோ, இங்கே எண்ணாயிரம் யூரோ கேட்ட வேலைக்கு அங்கே நாலாயிரத்துக்கும் குறைவாகக் கேட்டதால் அங்கே போனதையோ நான் குறை சொல்லப் போவதில்லை. 'இந்த வயதில் எதற்கு இந்த அழகு' என்று கேட்டவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருந்தார்கள். அவர்களில் எவரும் அவருடைய உடம்போடு ஒரு நாளும் வாழ்ந்தவர்கள் அல்லர்.

சத்திரசிகிச்சை குறித்தபடி நடந்தது. மூன்றாம் நாள் வாகனத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்பதாம் நாள் காலை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். போய்ப் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே தையல் ஓரிடத்தில் விட்டுப்போய், தேநீர் நிறத்தில் நீர் வடிந்து, இடுப்பில் கட்டியிருந்த இறுக்குப்பட்டியையும் அதற்குக் கீழே விரித்திருந்த துவாயையும் நனைத்திருந்தது. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறவள் என்பதால், காயத்தின் மணத்தை வைத்தே எனக்கு விளங்கிவிட்டது. படம் எடுத்து அந்த ஜேர்மன் பேசும் உதவியாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். 'இது வழமைதான், சுத்தமாக வைத்திருங்கள்' என்று ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது. சத்திரசிகிச்சை செய்த வைத்தியரோடு பேச முடியுமா என்று கேட்டதற்கு, அவர் அடுத்த கிழமைதான் வருவார் என்றார்கள். அன்று மாலை இங்குள்ள வைத்தியசாலையின் அவசரப் பிரிவில் இருந்த இளம் வைத்தியரிடம் நாங்கள் நீட்டியது, முழுவதும் போலந்து மொழியில் எழுதிய ஒன்றரைப் பக்கக் கடிதத்தை. உள்ளே என்ன தையல் போட்டார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதை அவர் தன் கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் வரிவரியாகப் படம் பிடித்துத்தான் அறிந்துகொண்டார். பதினொரு நாள் வைத்தியசாலையில் வைத்து, காயத்தின் மேல் பஞ்சு வைத்து மூடி, சிறிய இயந்திரம் ஒன்றினால் நீரை உறிஞ்சி எடுத்தார்கள்.

வீடு திரும்பி இரண்டு கிழமையில், நாம் கிராங்கன்காசே என்று சொல்லும் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து ஒரு கேள்விக்கொத்து வந்தது. நமக்குள் பலரும் அறியாத விடயம் இதுதான். மருத்துவத் தேவை இல்லாத அழகுச் சத்திரசிகிச்சையால், அல்லது பச்சை குத்துவதாலோ உடம்பில் துளையிட்டு அணிகலன் பூட்டுவதாலோ ஒருவர் நோயுற்றால், அந்தச் சிகிச்சைச் செலவில் பொருத்தமான ஒரு பங்கை அவரிடமிருந்து காப்புறுதி நிறுவனம் அறவிட வேண்டும் என்று ஜேர்மன் சமூகச் சட்டக்கோவையின் 5ஆம் நூலில் 52ஆம் பிரிவு சொல்கிறது. 'அறவிடலாம்' என்று அல்ல, 'அறவிட வேண்டும்' என்று. அந்தக் காலத்துக்கான நோய்க்காலக் கொடுப்பனவையும் முழுவதுமாகவோ பகுதியாகவோ மறுக்கவோ திரும்பப் பெறவோ வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. வைத்தியரிடம் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அப்படியான சந்தேகம் எழுந்தால் காப்புறுதிக்கு அறிவிக்கும் கடமை வைத்தியருக்கு உண்டு. இந்த விதி நியாயமா என்ற வழக்கு காசல் நகரிலுள்ள கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் வரை சென்று, 2019இல் அது செல்லும் என்றே தீர்ப்பானது. மச்சாளுக்கு வந்த கணக்கு 1,900 யூரோ. வேலைக்குப் போகாமல் இழந்ததையும் சேர்த்துப் பார்த்தால், விளம்பரம் சொன்ன அரைவாசி விலையில் மிச்சம் பெரிதாக ஒன்றும் இல்லை.

'ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் என்பதால்' என்ற வாசகம் எங்கிருந்து வருகிறது என்றும் தேடிப் பார்த்தேன். எல்லை தாண்டிய மருத்துவம் பற்றிய 2011ஆம் ஆண்டின் ஒன்றிய நெறியுறுத்தல் ஒன்று உண்டு. ஆனால் தன் நாட்டில் எந்தச் சிகிச்சைக்குக் காப்புறுதி பணம் கொடுக்குமோ, அதே சிகிச்சையை அயல்நாட்டில் செய்துகொண்டால் மட்டுமே அதன்படி பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இங்கே கிடைக்காத பணம் எல்லையைத் தாண்டியதால் கிடைத்துவிடாது. நாம் பையில் வைத்திருக்கும் ஐரோப்பியக் காப்புறுதி அட்டையும் பயணத்தில் எதிர்பாராமல் வரும் நோய்க்கானது. சிகிச்சைக்கென்றே திட்டமிட்டுப் போகிறவருக்கானது அல்ல.

போலந்து வைத்தியர்களைக் குறைத்துப் பேசுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். மச்சாளுக்குச் சத்திரசிகிச்சை செய்தவரின் பெயரைப் பின்னர் அந்நாட்டு மருத்துவ மன்றத்தின் பகிரங்கப் பதிவேட்டில் நானே தேடினேன். ஏழு இலக்கப் பதிவெண்ணோடும் ஒட்டறுவைச் (பிளாஸ்டிக்) சத்திரசிகிச்சை நிபுணர் என்ற தகுதியோடும் அவர் அதில் இருக்கிறார். ஜேர்மனியிலோ, அழகுச் சத்திரசிகிச்சை நிபுணர் என்ற பொருளில் 'ஷோன்ஹைட்ஸ்கிருர்க்' என்று எந்த வைத்தியரும் பலகை மாட்டலாம். அது சட்டத்தால் காக்கப்பட்ட பட்டம் அல்ல. தையல் விடுவதும் நீர் கட்டுவதும் பேர்லினில் செய்தாலும் நேரக்கூடியவையே. வேறுபாடு என்னவென்றால், இங்கே செய்திருந்தால் ஒன்பதாம் நாள் வெட்டியவரிடமே போய்க் கதவைத் தட்டியிருப்போம்.

அதைவிடப் பெரிய பிழை தொடக்கத்திலேயே நடந்தது. படங்களை அனுப்பி, படிவம் ஒன்றை நிரப்பி, முற்பணம் கட்டிய மச்சாள், அந்த வைத்தியரை முதன்முதலாகப் பார்த்தது சத்திரசிகிச்சை அன்று காலையில். படிவத்தில் நீரிழிவு உண்டா என்ற கேள்விக்கு அவர் 'இல்லை' என்று குறியிட்டிருந்தார். கடைசிப் பிள்ளையோடு வந்த சீனி வருத்தத்துக்கு இன்றும் மாத்திரை எடுக்கிறார். ஊசி போடுவதில்லை என்பதால் அதை அவர் நீரிழிவாகவே கணக்கெடுப்பதில்லை. எதிரில் உட்கார்ந்து ஒரு வைத்தியர் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் வெளிவந்திருக்கும். விலை மதிப்பீட்டைக் கையில் கொடுத்த நாளுக்கும் சத்திரசிகிச்சைக்கும் இடையில் பதினைந்து நாளாவது இருக்க வேண்டும் என்று பிரான்ஸ் நாடு சட்டமே செய்திருக்கிறது. நம்மவருக்குச் சீனி வருத்தம் எவ்வளவு சாதாரணம், காது குத்திய இடத்தில்கூடத் தடித்த தழும்பு வளரும் தோல் எத்தனை பேருக்கு உண்டு என்பதையெல்லாம் நினைத்தால், அந்த இடைவெளி மற்றவர்களைவிட நமக்குக் கூடுதலாகவே வேண்டும்.

அப்படியும் போகிறவர்கள், வைத்தியரைப் பதிவேட்டில் பார்த்து, ஒரு தரமாவது நேரில் சந்தித்துப் பேசி, சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதியை ஜேர்மன் மொழியில் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொண்டு போகட்டும். மார்பகத்தில் செயற்கைப் பை வைப்பவர்கள், அது எந்த நிறுவனத்தின் எந்தப் பை என்று குறித்த அட்டையைக் கேட்டுப் பெற வேண்டும். அது ஒன்றிய விதிப்படி அவர்களுக்கு உரியது. மருத்துவத்துக்கு உரியதல்லாத தொழிற்சாலைச் சிலிக்கோன் நிரப்பிய பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் மார்பகப் பைகள் 2010இல் தடை செய்யப்பட்டபோது, தன் உடம்பில் இருப்பது எந்த நிறுவனத்தினது என்று தெரியாமல் தவித்த பெண்கள் பல நாடுகளில் இருந்தார்கள். ஜேர்மன் மொழி விளம்பரத்தையும் வெட்டிப் பத்திரப்படுத்தி வையுங்கள். ஜேர்மனியில் வாழ்பவரைக் குறிவைத்து விளம்பரம் செய்த நிலையத்தின் மீது இங்குள்ள நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடர வழி பிறக்கலாம். ஆனால் வழக்கு இங்கே நடந்தாலும், சிகிச்சை முழுவதும் அங்கே நடந்தது என்பதால் போலந்துச் சட்டப்படியே தீர்ப்பாகக்கூடும்.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த விளம்பரத்தில் ஒரே வயிற்றின் 'முன்', 'பின்' படங்கள் இரண்டு இருந்தன. மருத்துவத் தேவையற்ற அழகுச் சத்திரசிகிச்சைக்கு அவ்வாறு முன்னும் பின்னும் காட்டி விளம்பரம் செய்வதை ஜேர்மன் மருத்துவ விளம்பரச் சட்டத்தின் 11ஆம் பிரிவு தடை செய்கிறது. அடுத்த இதழில் அந்தப் படங்களை நீக்குவதோடு, காப்புறுதி பற்றிய வாசகத்தையும் எடுத்துவிடும்படி முகவரிடம் சொல்லுங்கள். மச்சாளின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். தன் பெயரைப் போட வேண்டாம் என்றவர், ஒன்பதாம் நாள் எடுத்த படம் தன்னிடம் இருக்கிறது, ஆசிரியர் கேட்டால் அனுப்பலாம் என்று சொல்லச் சொன்னார்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகி,
நொய்கேல்ன், பேர்லின்.